வாய்ச்சொல்லுக்கு அளவு தெரியும்

(மன்னார்குடி, நவராத்திரி விழாப் பட்டிமன்றம், 2025. "புதுப்படத்துக்குப் போகிறவர்களுக்கு நல்ல துணை விமர்சகர் போடும் மதிப்பெண்ணா, பார்த்துவிட்டு வந்தவர் சொல்லும் வாய்ச்சொல்லா?" என்ற தலைப்பில், வாய்ச்சொல் அணியின் கடைசிப் பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிர்வரிசையில உட்கார்ந்து இந்தம்மாவுக்கு அஞ்சுக்கு எத்தனை ஸ்டார் போடலாம்னு கணக்குப் பண்ணிக்கிட்டிருக்கிற எதிரணிக்கும், ஹரித்ராநதித் தெப்பக்குளத்துக் காத்தை விட்டுட்டு இந்தப் பந்தல் புழுக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கிற மன்னார்குடி மக்களுக்கும் வணக்கம்.

நான் பேராசிரியர் இல்லீங்க. தையல்காரி. கடைத்தெருப் பக்கம் சின்னதா ஒரு கடை. ரெண்டு மிஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, வர்றவங்க உட்கார ஒரு பெஞ்சு. நாளைக்கு ஆயுத பூஜை, மிஷினைத் துடைச்சுப் பொட்டு வைக்கணும். இன்னும் இருபது நாள்ல தீபாவளி, தைக்க வேண்டிய ஜாக்கெட் மூட்டை மூட்டையாக் கிடக்கு. யாருடைய ஜாக்கெட்டாவது லேட்டாச்சுன்னா விழாக்குழுக்காரங்களைக் கேளுங்க. தலைப்பைச் சொன்னதும் அவங்ககிட்ட சொன்னேன்: "ஐயா, இந்தப் பட்டிமன்றம் என் கடை பெஞ்சுல தெனமும் நடக்குது. நடுவர் ஒருத்தர்தான் குறை."

எதிரணிப் பேராசிரியர் ஐயா ஆரம்பத்துலயே ஒரு போடு போட்டார். "விமர்சகருக்குக் கேமரா தெரியும், எடிட்டிங் தெரியும், திரைக்கதை தெரியும். வாய்ச்சொல்லுக்கு என்ன தெரியும்? அதுக்கு அளவுகோலே கிடையாதே"ன்னார். நடுவர் ஐயா, அளவைப் பத்தி யாருகிட்ட வந்து பேசுறார் பாருங்க!

போன மாசம் ஒரு படத்துக்கு ஒருத்தர் 2.75 ஸ்டார் போட்டிருந்தார். எனக்கு ராத்திரி தூக்கம் வரல. ரெண்டேமுக்கால்! மூணு கொடுக்க மனசு வராம அந்தக் கால் ஸ்டாரை எங்க பிடிச்சு வச்சார்? என்கிட்ட ஒரு ஜாக்கெட் கால் இஞ்ச் பிடிக்குதுன்னு வந்து நின்னாங்கன்னா, எங்க பிடிக்குதுன்னு விரல் வச்சுக் காட்டுவேன். அக்குள்லயா, கைச்சுத்துலயா, முதுகுலயா. உள்தையலைப் பிரிச்சு விட்டா சரியாப் போகும். அந்தக் கால் ஸ்டார் எங்க பிடிச்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் யாராவது விரல் வச்சுக் காட்டியிருக்காங்களா? அதே படத்துக்கு இன்னொருத்தர் 3.25. ஒரே உடம்பை ரெண்டு பேர் அளந்து அரை இஞ்ச் வித்தியாசம் வந்தா, நாங்க உடம்பைக் குறை சொல்ல மாட்டோம். டேப்பைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குவோம்.

எங்க பக்கத்து அளவுகோல் என்னன்னு சொல்றேன். சொல்றது யாருங்கிறதுதான் அளவுகோல்.

எங்க அத்தை இருக்காங்க, என் மாமியார். அவங்க ஒரு படத்துக்கு அழுதாங்கன்னா அதுக்கு எங்க வீட்டுல மதிப்பே கிடையாது. அவங்க நகைக்கடை விளம்பரத்துக்கே அழுவாங்க. ஆனா இடைவேளைக்கு அப்புறம் தூங்காம முழிச்சிருந்தாங்கன்னா, அது வெள்ளிவிழாப் படம். என் கடைக்குப் பக்கத்துல மளிகைக்கடை அண்ணன் ஒருத்தர். அவர் வாயிலிருந்து "நல்லாருக்கு"ங்கிற சொல் வந்து நான் கேட்டதே இல்ல, அவர் கடைச் சரக்கைப் பத்திக்கூட. அவர் "பரவால்ல"ன்னு ஒரு வார்த்தை சொன்னார்னா, நான் அன்னிக்கே கடையை ஆறு மணிக்குச் சாத்திடுவேன். என் பையன் "செம"ன்னு சொன்னா, படத்துல முப்பது பேர் அடிபட்டிருக்காங்கன்னு அர்த்தம். யார் சொல்லுக்கு எவ்வளவு கழிக்கணும், யார் சொல்லுக்கு எவ்வளவு கூட்டணும்னு நமக்கு வருஷக்கணக்காத் தெரியும். ரெண்டேமுக்கால் போட்டவர் நேத்து யார்கூட சண்டை போட்டுட்டுப் படத்துக்குப் போனார்னு எனக்குத் தெரியுமா? எங்க அத்தைன்னா தெரியும். பெரும்பாலும் என்கூடத்தான்.

பேராசிரியர் ஐயா, 1977-ல '16 வயதினிலே'வுக்கு ஆனந்த விகடன் 62.5 மார்க் போட்டதை எடுத்துச் சொன்னார். உண்மைதான். எங்கப்பா வெள்ளிக்கிழமையானா விகடன் மார்க் பார்க்காமப் படத்துக்குப் போக மாட்டார், அந்த மரியாதை எனக்கும் உண்டு. ஆனா ஐயா, அந்தப் படத்தைப் பார்த்துட்டு வந்த யாரும் "அறுபத்திரண்டரை, அறுபத்திரண்டரை"ன்னு சொல்லிக்கிட்டு வெளிய வரலையே. சப்பாணி மாதிரி நடந்துக்கிட்டும் பரட்டை மாதிரி பேசிக்கிட்டும்தானே வந்தாங்க? பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அந்த நடையா, அந்த மார்க்கா?

நம்ம பெரியவங்க சினிமாவுக்கு முன்னாடியே விமர்சனம் எழுதிட்டாங்க. ஊருக்கு ஊர் ஒரு வரி. திருவாரூர்த் தேரழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு. திருவாரூருக்கு மூன்றரை, வேதாரண்யத்துக்கு ரெண்டேகால்னா எழுதி வச்சாங்க? போய்ப் பார்த்தவன் வந்து சொன்னான். தேரைப் பார்த்தவன் தேரைச் சொன்னான், மதிலைப் பார்த்தவன் மதிலைச் சொன்னான். அந்த வாய்ச்சொல் இன்னும் நிக்குது.

சரி, படத்துக்கு வர்றேன். போன வருஷம் செப்டம்பர்ல 'மெய்யழகன்' வந்தது. கதை நடக்கிறது தஞ்சாவூர், நீடாமங்கலம். நம்ம வாசப்படி. சொத்துத் தகராறுல ஊரை விட்டுப் போன ஒருத்தர், வருஷக்கணக்கா வராதவர், தங்கச்சி முறையுள்ள பொண்ணு கல்யாணத்துக்குத் திரும்பி வர்றார். வந்த இடத்துல ஒருத்தன் "அத்தான் அத்தான்"னு உயிரை விடுறான். இவருக்கு அவன் பேரே ஞாபகம் இல்ல. கதை அவ்வளவுதான். முதல்ல வந்தப்ப படம் கிட்டத்தட்ட மூணு மணி நேரம். என் பெஞ்சுல ஒரு அக்கா சொன்னாங்க: "மூணு மணி நேரம்னு எல்லாரும் குறை சொல்றாங்க. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நிக்கிற நேரத்தையும் சேர்த்துத்தானே எடுக்கணும்?"

இதை எந்த விமர்சகர் எழுதுவார்? கேட்டுல நின்னவங்களுக்குத்தான் தெரியும்.

அந்த அக்கா நீடாமங்கலம்தான். அவங்களுக்கும் அவங்க அண்ணனுக்கும் ஒரு மனைக்கட்டு விவகாரத்துல ஒன்பது வருஷமாப் பேச்சு இல்ல. அது ஊருக்கே தெரியும். படத்துல ஊருக்குத் திரும்பி வந்த அண்ணன் கல்யாண மேடையில தங்கச்சிக்கு நகை போட்டு விடுற இடம் வரும். அதைப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லல. ஜாக்கெட்டை வாங்கி, ஊக்கையெல்லாம் ஒண்ணொண்ணா மாட்டிப் பார்த்துக்கிட்டே, "நேத்து அண்ணனுக்குப் போன் போட்டேன்"னாங்க. "பேசினாங்களாக்கா?"ன்னேன். "எடுக்கல"ன்னாங்க. பையை மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அதுக்கு மேல ஒரு விமர்சனம் வேணுமா? அந்த வாரமே போயிட்டேன்.

தம்பி, எதிரணியில ரெண்டாவதாப் பேசின தம்பி, இதே படத்தை வச்சு என்னை மடக்கினார். "நீளம் நீளம்னு வாய்ச்சொல் கிளம்பினதாலதானே படம் வந்த சில நாள்லயே 18 நிமிஷத்தை வெட்டினாங்க? நல்ல படத்தைக் கெடுத்ததே உங்க வாய்ச்சொல்தான்"னார். வெட்டினது உண்மை. எனக்கும் அதுல வருத்தம்தான். ஆனா தம்பி, நீளம்னு சொன்னதும் ஜனங்கதான், வெட்டினதும் "ஏன்யா வெட்டினீங்க"ன்னு கேட்டதும் ஜனங்கதான். வாய்ச்சொல் எப்பவும் ஒரே குரல்ல பேசாது. ஒரே குரல்ல பேசினாத்தான் எனக்குச் சந்தேகம் வரும். கத்திரிக்கோலை எடுக்கிறவங்கதான் கொஞ்சம் பொறுமையாக் கேட்கணும். ஒரு வாடிக்கையாளர் "கை நீளமா இருக்கு"ன்னதும் நான் வெட்டிட மாட்டேன். உள்ள மடிச்சு அடிச்சுக் கொடுப்பேன். ரெண்டு நாள் கழிச்சு "பழைய நீளமே நல்லாருந்துச்சு"ன்னு அவங்களே வருவாங்க.

டிக்கெட் காசு மிச்சமாகும்னும் தம்பி சொன்னார். ஸ்டாரைப் பார்த்துட்டுப் போனா ஏமாற வேண்டாமாம்.

தம்பி, இந்த வருஷம் பொங்கலுக்கு 'மதகஜராஜா' வந்துச்சு. எடுத்து முடிச்சு 12 வருஷம் பெட்டிக்குள்ள கிடந்த படம். மதிப்பெண் பார்க்கிற ஆளா இருந்தா யாராவது அந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பாங்களா? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை இப்ப வந்து கேட்கிற மாதிரி. ஃபேஷன் மாறிப் போச்சு, துணி மங்கிப் போச்சு. ஆனா போட்டுப் பார்த்தா அளவு சரியா இருக்கே! முதல் நாள் போயிட்டு வந்த ஒருத்தர், "கதையெல்லாம் கேட்காதீங்க, வயிறு வலிக்கச் சிரிச்சோம்"னார். அந்த ஒரு வரிக்கு மேல அந்தப் படத்தைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. தேவையும் இல்ல. படம் வந்தப்ப, அதுல நடிச்ச மனோபாலா இறந்து ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு. அவர் திரையில வந்தப்ப தியேட்டரே சிரிச்சுது. எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் சிரிச்சு முடிச்சுட்டு, துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே "பாவம், நல்ல மனுஷன்"னார். எனக்கு அந்தப் படம் அதுதான்.

இன்னொரு காசு மிச்சக் கணக்கு. ஆகஸ்ட்ல 'கூலி' வந்துச்சு. ரஜினி படம்னா குடும்பத்தோட கிளம்புறதுதானே நம்ம வழக்கம்? இதுக்கு 'ஏ' சர்டிஃபிகேட். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களை விடக் கூடாது. எந்த விமர்சனத்துலயும் முதல் வரியில அதைச் சொல்லி நான் பார்க்கல, அனிருத்துல ஆரம்பிச்சுட்டாங்க. என்கிட்ட ஃபால்ஸ் அடிக்க வந்த பொண்ணு, புடவையைப் பெஞ்சுல வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா: "அக்கா, பையனைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. வாசல்லயே நிறுத்திடுவாங்க, அப்புறம் அவன் அழுகைக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து மாளாது." டிக்கெட்டும் மிச்சம், பரோட்டாவும் மிச்சம். படம் எப்படின்னு கேட்கிறீங்களா? ரஜினி நடந்து வர்ற வரைக்கும் எனக்குக் கதையைப் பத்திக் கவலையில்ல. அவர் நிக்கிறப்பதான் கவலை ஆரம்பிச்சுது. இது என் கருத்து, யாரும் கல்லை எடுத்துடாதீங்க.

அடுத்து, தம்பி மறக்காம ஒரு கேள்வி கேட்டார். "தியேட்டர் வாசல்ல மைக்கை நீட்டினதும் 'வேற லெவல்', 'தாறுமாறு'ன்னு கத்துறாங்களே, அதுவும் வாய்ச்சொல்தானே?" நல்ல கேள்வி.

இல்லைங்கிறேன். மைக் வந்ததும் வாய்ச்சொல் செத்துப் போச்சு. என் கடைக்கு வர்ற காலேஜ் பொண்ணு ஒருத்தி ஒரு பெரிய படத்துக்கு முதல் நாள் போனா. பேர் வேண்டாம். வெளிய வரும்போது கேமராவோட நின்னவங்க மைக்கை நீட்டியிருக்காங்க. இவ "தலைவரே, தெறிக்க விட்டுட்டீங்க"ன்னு குதிச்சிருக்கா. அந்த வீடியோவை நானே பார்த்தேன். மறுநாள் சுடிதார் வாங்க வந்தவ, "அக்கா, அந்தப் படத்துக்கு மட்டும் போயிடாதீங்க"ங்கிறா. "ஏண்டி, நீதானே குதிச்சே?"ன்னேன். "அது கேமராவுக்குக்கா. இது உங்களுக்கு." நடுவர் ஐயா, இதுக்கு மேல நான் விளக்கணுமா?

போன வருஷம் நவம்பர்ல தயாரிப்பாளர்கள் சங்கம் ஒண்ணு, தியேட்டர் வளாகத்துக்குள்ள யூடியூப்காரங்களை விடாதீங்கன்னு தியேட்டர்காரங்களைக் கேட்டுக்கிட்டாங்க. டிசம்பர்ல, படம் வந்து மூணு நாளைக்கு ஆன்லைன்ல விமர்சனமே வரக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. கோர்ட்டு தடை போட மறுத்துடுச்சு. அவங்க வலியும் எனக்குப் புரியுது. கோடிக்கணக்குல போட்டு எடுத்த படத்தை இடைவேளையிலயே ஒருத்தன் குழி தோண்டிப் புதைச்சா யாருக்குத்தான் வலிக்காது? ஆனா அவங்க பயந்தது எதுக்குன்னு பாருங்க. மைக்குக்கு. ஸ்டாருக்கு. என் கடை பெஞ்சுக்கு எதிரா யாரும் மனு போடல. போட்டாலும் நோட்டீஸை எந்த விலாசத்துக்கு அனுப்புவாங்க?

அந்த நவம்பர்லயே இன்னொண்ணும் நடந்துச்சு. 'கங்குவா' வந்தப்ப ஜனங்க சொன்ன முதல் குறை கதையைப் பத்தி இல்ல. சத்தம், காது வலிக்குதுன்னாங்க. தயாரிப்பாளரே வால்யூமைக் குறைச்சு வைக்கச் சொல்லி தியேட்டர்காரங்களைக் கேட்டுக்கிட்டார். திரைக்கதை இலக்கணம் தெரியாத ஜனங்கதான். ஆனா காது இருக்கே! எங்க அத்தை காதுக்கு மிஷின் வச்சிருக்காங்க. ஒரு படத்துல (இது வேற படம், இதுக்கும் பேர் வேண்டாம்) பத்தாவது நிமிஷம் மிஷினைக் கழட்டிச் சுருக்குப் பையில போட்டுட்டு, "இப்ப நல்லாக் கேட்குது"ன்னு நிம்மதியா உட்கார்ந்தாங்க. அந்தப் படத்தோட ஒலிப்பதிவைப் பத்தி அரைப்பக்கம் எழுதினவங்க உண்டு. சுருக்குப் பையை யாரும் எழுதல.

டூரிஸ்ட் ஃபேமிலியைச் சொல்லாமப் போனா என் அணித்தலைவர் கோவிச்சுப்பார். மே 1-ஆம் தேதி, சூர்யாவோட 'ரெட்ரோ' வந்த அதே நாள். இந்தப் பக்கம் சசிகுமார், சிம்ரன், முதல் படம் எடுக்கிற ஒரு சின்னப் பையன் டைரக்டர். இலங்கையிலிருந்து படகுல வந்து சென்னையில ஒளிஞ்சு மறைஞ்சு வாழுற குடும்பம். பேச்சு காட்டிக் கொடுத்துடும்னு கேரளான்னு சொல்லிக்கிறாங்க. முதல் வாரத்தைவிட அடுத்த வாரம் தியேட்டர்ல கூட்டம் கூடிச்சு. முதல் வாரம் போனவங்க வீட்டுக்குப் போய், தெருவுக்குப் போய், ஆபீஸுக்குப் போய்ச் சொன்னதுல கூடின கூட்டம் அது. எங்க தெருவுல ஒரு வீட்டுக்குப் புதுசாக் குடிவந்து எட்டு மாசம் ஆகுது. படத்தைப் பார்த்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரிதான் எங்க வீட்டுக்காரர் "அவங்க பேர் என்ன?"ன்னு என்னைக் கேட்டார். எனக்கும் தெரியல. அளவு ஜாக்கெட் மட்டும் என்கிட்ட இருந்துச்சு.

வாய்ச்சொல் தப்பே பண்ணாதான்னு கேட்பீங்க. பண்ணும். 2003 பொங்கலுக்கு 'அன்பே சிவம்' வந்தப்ப நம்ம ஜனங்க தியேட்டர் பக்கம் போகல. நானும் போகல. எங்க சித்தி "ரொம்பப் பேசுறாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க, நான் நம்பிட்டேன். அப்புறம் டிவியில போட்டுப் போட்டு, பார்த்தவங்க அடுத்தவங்ககிட்ட சொல்லிச் சொல்லி, இன்னைக்கு அந்தப் படத்தைப் பார்க்காதவங்களைப் பாவமாப் பார்க்கிறோம். சித்தி இப்ப "நான் அன்னிக்கே சொன்னேனே"ங்கிறாங்க. அவங்க சொன்னது என்னன்னு எனக்குத்தான் தெரியும்.

எதிரணியில டீச்சர் பேசினதுக்கு மட்டும் நான் கொஞ்சம் இறங்கி வந்துதான் பதில் சொல்லணும். "விமர்சகர்கள் இல்லைன்னா 'கொட்டுக்காளி' மாதிரி ஒரு படம் வந்ததே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது"ன்னாங்க. நியாயம். பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போன படம். பின்னணி இசையே கிடையாது. அதை ஒரு விமர்சனத்துல முன்னாடியே படிச்சுட்டுப் போனதாலதான், ஆட்டோ சத்தத்தையும் மூச்சுச் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டேன். எழுதினவருக்கு நன்றி. படத்துல ஒரு பொண்ணுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லிக் குடும்பமே வண்டி கட்டிக்கிட்டுச் சாமியாடிகிட்டக் கூட்டிட்டுப் போகுது. அந்தப் பொண்ணு வாயே திறக்காம உட்கார்ந்திருக்கு. முடிவை நம்ம கையில கொடுத்துட்டுப் படம் நின்னுடும். வெளிய வந்தவங்கள்ல பாதிப் பேர் "என்னது, முடிஞ்சுடுச்சா?"ன்னு கோபமா வந்தாங்க. உண்மையை மறைக்கல.

ஆனா டீச்சர், அந்தக் கோபமா வந்தவங்கள்ல ஒருத்தங்க என் பெஞ்சுல உட்கார்ந்து அரைமணி நேரம் திட்டினாங்க. "ஒண்ணுமே நடக்கல, காசு தண்டம்"னாங்க. திட்டி முடிச்சுட்டு எழுந்தவங்க, வாசல்ல நின்னு, "ஆனா அந்தச் சேவல் காலைக் கட்டிப் போட்டிருந்தாங்க பாரு, அது கண்ணுலயே நிக்குது"ன்னாங்க. படம் அவங்களுக்குப் பிடிக்கல. ஆனா போய்ச் சேர்ந்துடுச்சு. ஒண்ணரை ஸ்டாருக்கும் நாலரை ஸ்டாருக்கும் நடுவுல இந்தச் சேவலை எங்க கட்டுவீங்க?

அதே நாள்தான், 2024 ஆகஸ்ட் 23, 'வாழை'யும் வந்துச்சு. இதைச் சொல்லத்தான் நான் மேடை ஏறினேன்.

என்கிட்ட ரொம்ப வருஷமாத் தைக்கிற ஒரு அம்மா. ஐம்பது வயசு இருக்கும். அவங்களுக்கு வலது தோள் இடது தோளைவிட அரை இஞ்ச் இறக்கம். அளவு எடுக்கிறவங்க இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். நோட்டுல ஒரு சின்னக் குறி போட்டுக்குவோம், வெட்டும்போது அந்தப் பக்கம் சரி பண்ணிடுவோம். அவங்களுக்கே தெரியாம பதினஞ்சு வருஷமாச் சரி பண்ணிக்கிட்டிருக்கேன். அன்னிக்கு வந்தாங்க. "வாழை பார்த்தியாடி?"ன்னாங்க. "இல்லம்மா, எப்படி இருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டே டேப்பைத் தோள்ல வச்சேன். அவங்க பதில் சொல்லல. என் கையை அப்படியே பிடிச்சு, வலது தோள் மேல வச்சு அழுத்தினாங்க.

"எனக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பொறந்த ஊரு. பள்ளிக்கூடம் லீவு விட்டா தார் தூக்குவோம். துணியைச் சுருட்டி இங்க வச்சுக்குவோம்"னாங்க. படத்துல பையன் லீவு நாள்ல வாழைத்தார் தூக்கப் போறான், அதுதான் கதை. நான் ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க: "வாழைக்கறை துணியில பட்டாப் போகாது, தெரியுமில்ல உனக்கு?"

தெரியும். துணி கையில புழங்குறவளுக்கு அது தெரியாதா? எதைப் போட்டுத் துவைச்சாலும் போகாது. துணி கிழியுற வரைக்கும் இருக்கும்.

அவ்வளவுதாங்க அவங்க சொன்னது. படம் நல்லாருக்கா இல்லையான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. நடிப்பு, பாட்டு, கேமரா, ஒரு வார்த்தை கிடையாது. நான் அன்னிக்குச் சாயந்திரமே போனேன். தார் சுமக்கிற காட்சி வந்தப்பல்லாம் நான் பார்த்தது திரையை இல்ல, அந்தப் பசங்க தோளை. எந்தப் பக்கம் இறங்குதுன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். மாரி செல்வராஜ் படத்தை எனக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது அந்த அரை இஞ்ச். இதுக்குப் பேரு அளவுகோல் இல்லைன்னா, பேராசிரியர் ஐயா, எதுக்குப் பேரு அளவுகோல்?

மணி அடிக்கிறாங்க. முதல் மணிதானே? இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு.

'மகாராஜா'வைப் பத்தி ரெண்டே வரி. வீட்டுக் குப்பைத்தொட்டியைக் காணோம்னு ஒருத்தர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறார். இதுக்கு மேல எனக்கு யாரும் சொல்லல. பார்த்துட்டு வந்த அத்தனை பேரும் "போய்ப் பாரு, ஒண்ணும் கேட்காதே"ன்னு வாயை மூடிக்கிட்டாங்க. எங்க பக்கத்துல அப்படி ஒரு அடக்கம் அதுக்கு முன்னாடியும் நான் பார்த்ததில்ல, அதுக்கு அப்புறமும் பார்த்ததில்ல. அதே வாரம் போனைத் திறந்தா "கிளைமாக்ஸ் விளக்கம்"னு பதினேழு வீடியோ. சொல்லாம விடத் தெரிஞ்சதும் வாய்ச்சொல்தான்.

கடைசியா ஒண்ணு. சொல்லலாமா வேண்டாமான்னு அப்பவே யோசிச்சேன். சொல்லிடுறேன், பேராசிரியர் ஐயா கோவிச்சுக்கக் கூடாது.

மேடைக்குப் பின்னாடி எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டிருந்தோம். ஐயா என் பக்கத்துல வந்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். மெதுவாக் கேட்டார்: "ஏம்மா, அந்த மலையாளப் படம், லோகா, நீ பார்த்துட்டியாமே? பேத்தி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. யட்சி கதையாமே. சின்னப் புள்ள, ராத்திரி பயந்துக்குமா?"

நான் சொன்னேன்: "பேத்தி பயப்பட மாட்டா ஐயா. அந்தக் கல்யாணி பொண்ணு அடிக்கிற அடியைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து உங்களைத்தான் அடிப்பா. மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வச்சுடுங்க."

ஐயா, நாளைக்குச் சாயந்திரக் காட்சிக்குத்தானே? ஆயுத பூஜை, கூட்டமா இருக்கும். இப்பவே சொல்லி வச்சுடுங்க.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. வணக்கம்.